ஓர் எழுத்துத் தொலைவில் வேலை

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐடிஐ சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்க ஜெராக்ஸ். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் விண்ணப்பத்தைத் திறந்ததும் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, ஆதார்லயும் மார்க் ஷீட்லயும் பேரு ஒரே மாதிரி இருக்கா?"

பலருக்கு இருக்காது. முருகேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழில் 'ஜி' போட்டு எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் 'கே'. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் முனியப்பா. தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் பதிவேட்டில் அவரை முனியப்பன் ஆக்கியிருப்பார். இது போதாதென்று விண்ணப்பம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி இரண்டையும் நிரப்பச் சொல்லும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? சிலர் இனிஷியலைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரை முழுதாக, சிலர் தங்கள் பெயரையே இரண்டு முறை. ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதம். பிறகு ஏதோ ஓர் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டு 'பொருந்தவில்லை' என்கிறது. வேலை கிடைத்தவருக்கும் இது தீர்வதில்லை. பிஎஃப் கணக்கில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாமல், தன் பணத்தையே எடுக்க முடியாமல் அலைகிறவர்கள் தொழிற்பேட்டை ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு.

இந்த ஒப்பீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், வேலை தேடுகிறவருக்கான மென்பொருளை யார் கூட உட்கார்ந்து எழுத வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

1965இல் விளாடிமிர் லெவன்ஷ்டைன் என்ற சோவியத் கணிதவியலாளர் ஓர் அளவுகோலைத் தந்தார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும்? குறைந்தபட்சம் எத்தனை திருத்தங்கள் தேவையோ அதுவே அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு. ஆங்கில எழுத்தில் முனியப்பாவின் கடைசியில் ஓர் 'என்' சேர்த்தால் முனியப்பன். தொலைவு 1. முருகேசனில் 'ஜி' போய் 'கே' வந்தால் அதுவும் 1. செய்தி அனுப்பும்போது வழியில் சிதைந்த குறியீடுகளைச் சரிசெய்யப் பிறந்த கணக்கு இது. இன்றைக்கு எழுத்துப்பிழை திருத்தியிலிருந்து மரபணு வரிசைகளை ஒப்பிடுவது வரை இதன் உறவுக் கணக்குகள் எங்கும் இருக்கின்றன.

"தொலைவு 1 வரை போகட்டும், அதற்கு மேல் என்றால் வேறு ஆள்" என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். தமிழரசியின் 'ழ'வை ஒருவர் 'இசட், ஹெச்' என்று இரண்டு எழுத்தால் எழுதுகிறார், இன்னொருவர் ஒற்றை 'எல்' போடுகிறார். ஒரு மாற்றம், ஒரு நீக்கம்: தொலைவு 2. ஆள் ஒருவரே, ஆனால் இயந்திரம் இருவர் என்கிறது. கவிதாவுக்கும் சவிதாவுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வேறுபாடு: தொலைவு 1. இருவர் வேறு வேறு பெண்கள், ஆனால் இயந்திரம் ஒருவர் என்கிறது. கணக்கில் பிழை இல்லை. எல்லாத் திருத்தத்துக்கும் ஒரே விலை வைத்ததில்தான் கோளாறு.

விலையை மாற்றலாம். 'ஜி', 'கே' மாற்றத்துக்குச் சின்ன விலை போதும், ஏனென்றால் தமிழில் அந்த இரண்டு ஒலிகளையும் 'க' ஒன்றே சுமக்கிறது. 'ழ'வின் இரண்டு ஆங்கில வடிவங்களுக்கு இடையே விலையே வேண்டாம். பெயரின் முதல் மெய் மாறினால் விலை அதிகம். இவ்வளவும் தமிழ் தெரிந்த எந்த நிரலாளரும் உட்கார்ந்து யோசித்தால் எழுதிவிடக்கூடியவை. அப்பாவும் அப்பனும் ஒன்று, வெங்கடேஷும் வெங்கடேசனும் ஒன்று என்பது மாநில எல்லைப்புறத்தில் வாழ்கிறவருக்குத்தான் சட்டென்று தெரியும். எந்த வேறுபாட்டுக்காகத் தன்னைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதோ, திருப்பி அனுப்பப்பட்டவருக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவு ஓர் எண்ணாக மாறி நிரலுக்குள் போய் உட்கார வேண்டும். கூட்டாகக் கருவி செய்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஓசூரில் இதற்கான தேவை ஏன் இத்தனை கூடுதல்? பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊருக்கு, பின்தங்கிய பகுதி என்ற சலுகைகளோடு சிப்காட் வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு வந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்ட். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கி, வாட்ச் ஆலையை இங்கே வைத்தன. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. இப்போது போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலை, ஓசூரைச் சுற்றி டாடா எலக்ட்ரானிக்ஸ். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கிறோமே, அந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும் ஊர்களில் இது ஒன்று. ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள், அஞ்செட்டி மலையிலிருந்தும் வருகிறார்கள். தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி எல்லாம் கேட்கும்.

தடை உள்ளவர்களை வேலைக்கு எடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. டைட்டன் தொடக்க காலம் முதலே மாற்றுத்திறனாளிகளைப் பணியில் சேர்த்து வந்திருக்கிறது. மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு சுயஉதவிக் குழுப் பெண்கள் மெடோ என்ற சொந்த நிறுவனத்தை அமைத்து, டைட்டனுக்கு வாட்ச் செயின் வேலைகளைச் செய்து கொடுத்தார்கள். வீட்டையும் வயலையும் விட்டுப் பெண்களால் ஓசூருக்கு வர முடியாது என்றால் வேலை அவர்களிடம் போகட்டும் என்ற யோசனை, அந்தப் பெண்களோடு பேசாமல் யாருக்கும் தோன்றியிருக்காது.

மென்பொருளுக்குள் இப்படிப்பட்ட பேச்சு இன்னும் போதுமான அளவு நுழையவில்லை. வேலைத் தளங்கள் 'உங்களுக்கு அருகில்' என்று காட்டும் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவை வைத்து வரிசைப்படுத்துகின்றன. ஓசூரில் ஒரு பெண்ணுக்குக் கிழக்கே சூளகிரிப் பக்கம் ஒரு வேலை, வடக்கே எல்லை தாண்டி பொம்மசந்திராவில் ஒரு வேலை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம் என்று தளம் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூனில் வந்தது, ஆனால் அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்குத்தான். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் ஓசூர்ப் பெண் டிக்கெட் எடுக்க வேண்டும். மாதம் 26 நாள் போகவர ஆகும் செலவைச் சம்பளத்தில் கழித்துப் பார்த்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடும். கம்பெனி பஸ் எந்த ஸ்டாப் வரை வரும், செகண்ட் ஷிஃப்ட் விட்டால் இராத்திரி எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்ற இரண்டு கட்டங்கள் விண்ணப்பத்தில் இருந்தால், பல பெண்கள் வேறு எதையும் படிக்காமலே முடிவெடுத்துவிடுவார்கள்.

இந்தக் கூட்டு முயற்சிக்கு நல்ல முன்மாதிரிகள் பக்கத்திலேயே, பெங்களூரில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கின்றன. 2007இல் சான் பிளாக்ஸ்வெட் என்பவர் பாபாஜாப் என்ற நிறுவனத்தை அங்கே தொடங்கினார். அதற்கு முன் மைக்ரோசாஃப்ட்டின் இந்திய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். அவரைத் தூண்டியது அனிருத் கிருஷ்ணா என்ற சமூக அறிவியலாளரின் கள ஆய்வு. ராஜஸ்தான் கிராமங்களில் வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்களைப் பார்த்தபோது, வெளியூரில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி அழைத்த உறவினரோ நண்பரோ பெரும்பாலும் பின்னால் இருந்தார். ஓசூரில் 'சேர்த்து விடுறது' என்கிறோமே, அதேதான். சேர்த்துவிட ஆள் இல்லாதவருக்கு அந்த ஆளாக ஒரு கருவி இருக்க முடியுமா என்பது பாபாஜாப்பின் கேள்வி. இணையம், எஸ்எம்எஸ், மிஸ்டு கால், குரல்வழி என எல்லா வழியிலும் ஓட்டுநர், வீட்டுவேலைக்காரர், காவலாளி போன்றவர்களை அது தேடிப் போனது. 2017இல் குயிக்கர் அதை வாங்கிக்கொண்டது.

அதைவிட எனக்கு நெருக்கமானது அதே ஆய்வுக்கூடத்தில் இந்திராணி மேதியும் கென்டாரோ டோயாமாவும் செய்த வேலை. படிக்கத் தெரியாத வீட்டுவேலைப் பெண்களுக்கு எழுத்தே இல்லாத ஒரு வேலைத் தேடல் திரையை அமைக்க அவர்கள் முனைந்தார்கள். ஸ்த்ரீ ஜாக்ருதி சமிதி என்ற பெண்கள் அமைப்பின் வழியாகப் பெங்களூரின் குடிசைப்பகுதிகளுக்குப் போய், படம் வரைந்து காட்டி, பெண்கள் சொல்வதைக் கேட்டு, மறுபடி வரைந்து கொண்டுபோனார்கள். அடுப்பின் மேல் பாத்திரம் வரைந்தால் 'சமையல் வேலை' என்று புரியும் என்றுதானே யாரும் நினைப்போம்? பெண்கள் அதைச் சமையலறை என்று படித்தார்கள். படம் இடத்தைக் காட்டியது, செயலைக் காட்டவில்லை. பாத்திரத்திலிருந்து ஆவி எழும்பும்படியும் குழாயிலிருந்து தண்ணீர் விழும்படியும் வரைந்த பிறகு அது வேலை ஆனது. எழுத்து தெரியாவிட்டாலும் எண்கள் தெரிந்திருந்தன, அதனால் சம்பளத்தை எண்ணாகவே விட்டார்கள். ஒவ்வொரு படத்தையும் தொட்டால் குரல் சொல்லும்படி செய்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பெண்கள் அந்தத் திரையைத் தயங்கித்தான் தொட்டார்கள். எந்தப் படத்துக்கு என்ன பொருள் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. அந்த வேலை எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்பதுதான் புரியவில்லை. யார் போட்டது, தான் தொட்டால் அந்த வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? ஆய்வாளர்கள் ஒரு சின்ன நாடகத்தைப் படமெடுத்தார்கள். வீட்டுக்கு ஆள் தேடும் ஒருவர் தகவல் தருகிறார், அது கம்ப்யூட்டரில் ஏறுகிறது, ஒரு பெண் அதைப் பார்க்கிறாள், வேலைக்குப் போகிறாள். இதைத் திரையின் தொடக்கத்தில் காட்டியதும் தயக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தபடி யாராலும் ஊகித்திருக்க முடியாத தேவை அது. ஏஜென்ட்டிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைந்த ஓசூரிலும், 'இந்த வேலையை யார் போட்டது' என்று தெரியாத எந்த ஆப்பையும் மக்கள் நம்பத் தேவையில்லை.

உழைப்பவரோடு சேர்ந்து மென்பொருள் செய்வது என்ற வழக்கத்தின் வேர், ஓசூர்போலவே இரும்பு அடிக்கிற இடத்தில்தான் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நார்வே நாட்டின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞரோடு கைகோத்தது. ஆலைகளில் கம்ப்யூட்டர் நுழையும்போது நிர்வாகத்துக்கு மட்டும் ஆலோசகர் இருந்தால் போதாது, தொழிலாளிக்கும் வேண்டும் என்பது சங்கத்தின் நிலை. சங்க உறுப்பினர்களே குழு குழுவாக உட்கார்ந்து தங்கள் ஆலைக்கு என்ன வேண்டும் என்று ஆராய்ந்து எழுதினார்கள். நைகார்ட் சாதாரண ஆள் இல்லை. இன்றைய நிரல்மொழிகள் பலவற்றின் முன்னோடியான சிமுலாவை உருவாக்கிய இருவரில் ஒருவர், பின்னர் டியூரிங் விருது பெற்றவர். அப்படிப்பட்டவர் ஃபிட்டரிடமும் டர்னரிடமும் கேட்டுக் கற்றார் என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

அப்படிக் கேட்டுக் கற்க வேண்டிய இன்னோர் இடம், கண் தெரியாத ஒருவர் வேலை தேடும்போது நடப்பது. அவருக்குத் திரையைப் படித்துச் சொல்ல ஒரு மென்பொருள் வேண்டும். விலைகொடுத்து வாங்குவது எட்டாத தொகை. மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் 2006இல் என்விடிஏ என்ற இலவசத் திரைபடிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். நிரலை உலகுக்கே திறந்து வைத்தார்கள். பல நாடுகளின் தன்னார்வலர்கள், தமிழர்கள் உட்பட, அதைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அது திரையின் படத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்துக்குப் பின்னால் உள்ள அமைப்பைப் படிக்கிறது. 'விண்ணப்பி' என்ற பொத்தானுக்கு நிரலாளர் பெயர் வைக்காமல் வெறும் படமாக விட்டிருந்தால், காதில் விழுவது 'பொத்தான்' மட்டும். எதற்கான பொத்தான் என்று தெரியாது.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய ஒரு வேலை அறிவிப்பில் நம் கண்ணுக்கு 'வேலை' என்று தெரிவது, கம்ப்யூட்டரின் நினைவில் 'என், டி, ஐ, ஒய்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். திரைபடிப்பானுக்குச் சட்டை தெரியாது. அது அந்த நான்கு ஆங்கில எழுத்துகளை உளறிவிட்டுப் போகும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடும் பழக்கம் ஓயவில்லை. ஒருங்குறியில் தட்டுவதற்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. ஒரு பார்வையற்ற பட்டதாரியை அலுவலகத்தில் உட்காரவைத்து, அறிவிப்பை வெளியிடும் முன் அவர் காதால் ஒருமுறை சோதித்துவிட்டால் போதும்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்சநீதிமன்றம் வரை போன வழக்கு உண்டு. வங்கிக் கணக்கோ சிம் கார்டோ வாங்க, உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கக் கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாற்று வழிகளைச் செய்துதர உத்தரவிட்டது. சம்பளக் கணக்கு இல்லாமல் இன்று பெரும்பாலான ஆலைகளில் சேர முடியாது என்பதால் இது வேலை பற்றிய தீர்ப்பும்தான்.

ஸ்மார்ட்ஃபோனே இல்லாதவர்களுக்கு? பெங்களூரில் 1999இல் சாந்தி ராகவனும் தீபேஷ் சுதாரியாவும் தொடங்கிய எனேபிள் இந்தியா இதற்கு ஒரு வழி கண்டது. பார்வையை இழந்த தம்பியைத் திரும்ப வேலைக்குத் தயார்செய்த அக்கா சாந்தியின் அனுபவத்தில் பிறந்த அமைப்பு அது. அவர்களுடைய 'நம்ம வாணி' கன்னடத்தில் இயங்கும் ஒரு குரல்வழிச் சந்திப்பிடம். பட்டன் ஃபோனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அது திரும்ப அழைக்கும். வேலைத் தகவல், அரசுத் திட்டம், இன்னொரு மாற்றுத்திறனாளி தான் வேலைக்குச் சேர்ந்த கதை எல்லாம் கேட்கலாம். நாமும் பேசிப் பதிவு செய்யலாம். உள்ளே இருக்கும் குரல்கள் அதைப் பயன்படுத்துகிறவர்களுடையவையே.

அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் அப்படி ஒன்று வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் அதற்கு ஒரே மொழி போதாது. இங்கே ஒருவர் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிகளைக் கலந்து பேசுவார். "எனக்கு நைட் ஷிஃப்ட் பேடா சார்" என்று ஒரு பெண் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பேடா' என்றால் கன்னடத்தில் வேண்டாம். தமிழ் மட்டும் கற்ற பேச்சறி மென்பொருள் அதைப் 'பேட்டா' என்று எழுதிவிடக்கூடும். நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்றவர், நைட் ஷிஃப்ட் பேட்டா கேட்டவர் ஆகிவிடுவார். தெலுங்கு பேசுகிறவர் 'நைட் ஷிஃப்ட் வத்து' என்பார், வேண்டாம் என்ற பொருளில். மென்பொருளின் காதில் அது 'வந்து' என்று விழலாம். இரண்டிலும் பிழை ஓர் எழுத்துதான்.

பேச்சறி மென்பொருளின் தரத்தை அளப்பதும் லெவன்ஷ்டைனின் அதே கோலால்தான், எழுத்துக்குப் பதில் சொற்களை எண்ணி. மாறிய, விடுபட்ட, கூடுதலாக நுழைந்த சொற்களைக் கூட்டி, பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மேலே சொன்ன ஐந்து சொல் வாக்கியத்தில் ஒன்று தவறு: 20 சதவீதம். 'சார்' என்பது விடுபட்டிருந்தாலும் அதே 20 சதவீதம்தான். ஒரு பிழை பெண்ணை இரவு வேலைக்கு அனுப்புகிறது, இன்னொன்றால் ஒன்றும் ஆகாது. எந்தச் சொல் தவறினால் வாழ்க்கையே தவறிப்போகும் என்று அந்தச் சராசரிக்குத் தெரியாது. முனியப்பாவின் 'என்' போலவே இதற்கும் விலை வைக்க ஆள் வேண்டும்.

அதற்கான குரல்களைத் திரட்டும் வேலை பல இடங்களில் நடக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் இந்திய மொழிகளின் இயல்பான பேச்சைப் பதிவு செய்கிறது. பெங்களூரின் கார்யா, குரல் தரும் கிராமத்து மக்களுக்கு அதற்கான ஊதியம் கொடுக்கிறது. அதுதான் முறை என்பேன். ஆலைக்கு ஆள் எடுக்கும் கருவிக்குப் பாடம் சொல்லித்தருகிறவர், அந்த ஆலையில் இன்னும் வேலை கிடைக்காதவராக இருந்தாலும், அவர் செய்வது வேலைதான். மொசில்லாவின் காமன் வாய்ஸ் 2017 முதல் உலகெங்கும் குரல் கொடை பெறுகிறது. தமிழும் அதில் உண்டு. அங்கே ஒருவர் பேசிய வாக்கியம் உடனே ஏற்கப்படாது. வேறு இருவர் கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும்.

ஜூஜூவாடி பஸ் ஸ்டாப்பில், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விடும் நேரத்து இரைச்சலில், ஒரு பெண் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து சொற்களைச் சொன்னால், அவர் சொன்னது 'பேடா' என்று உறுதிசெய்ய அதே ஊர்க்காரர்கள் இன்னும் இரண்டு பேர் அதைக் காதில் வைத்துக் கேட்டாக வேண்டும்.